பஸ்தர் தொகுதியைத் தேர்தல் ஆணைய அறிக்கைகளில் படித்தபோது

முதல் மக்களவைத் தேர்தல் தொடங்கி ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் வெளியிட்டுள்ள புள்ளிவிவர அறிக்கைகளை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அவற்றைக் கொண்டு ஒரு தொகுதியின் வரலாற்றை எவ்வளவு தூரம் அறிய முடியும் என்று பார்ப்பதற்காக, சத்தீஸ்கரின் தெற்கே உள்ள பஸ்தர் என்ற பழங்குடியினர் தனித்தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையாகப் படித்தேன்.

1952 என்று தேடினால் முதல் அறிக்கை கிடைக்காது. வாக்குப்பதிவு 1951 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டதால், அது 1951 என்ற ஆண்டின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. அதேபோல், 1999 வரை பஸ்தரை மத்தியப் பிரதேசத்தின் பக்கங்களிலும், புதிய மாநிலம் பிறந்த பிறகு, 2004 முதல், சத்தீஸ்கரின் பக்கங்களிலும் தேட வேண்டும். பழகிவிட்டால் இது பெரிய சிரமமில்லை.

முதல் பக்கமே நிமிர்ந்து உட்கார வைத்தது. சுயேச்சையாக நின்ற முச்சாக்கி கோசா 1,77,588 வாக்குகளும், காங்கிரஸ் வேட்பாளர் சுர்த்தி கிஸ்தையா 36,257 வாக்குகளும் பெற்றிருக்கிறார்கள். நேரு அலை வீசிய தேர்தலில் ஒரு சுயேச்சைக்கு 83 சதவீத வாக்கு! 1957இல் கிஸ்தையா வென்றாலும், 1962இல் லக்மு பவானி, 1967இல் ஜாடு சுந்தர்லால், 1971இல் லம்போதர் பலியார் என்று மீண்டும் சுயேச்சைகளே வந்தார்கள். அறிக்கையில் இவர்கள் அனைவருக்கும் ஒரே சுருக்கக் குறியீடுதான். கோசாவுக்குப் பின்னால் பஸ்தர் மகாராஜா பிரவீர் சந்திர பஞ்ச் தேவின் ஆதரவு இருந்ததையோ, 1966 மார்ச் 25 அன்று ஜகதல்பூர் அரண்மனையில் அவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்து ஓராண்டு கழிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்ததையோ அந்தக் குறியீட்டிலிருந்து ஊகிக்க வழியில்லை. எண்ணைத் தருவதுதான் அறிக்கையின் வேலை என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பஸ்தரைப் பற்றிப் பேசுகிறவர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

1977இல் வென்ற திருக்பால் ஷாவின் பெயருக்கு எதிரே பாரதிய லோக் தளம் என்று இருக்கும். ஜனதா கட்சி அந்தச் சின்னத்தில் போட்டியிட்டதை அறியாதவர்கள் குழம்பக்கூடும். 1980இல் லட்சுமண் கர்மாவும், 1984 முதல் மூன்று முறை மங்கு ராம் சோடியும் காங்கிரசுக்காக வென்றார்கள். 1996இல் மறுபடியும் ஒரு சுயேச்சை, மகேந்திர கர்மா. பின்னாளில் சல்வா ஜுடும் என்ற மாவோயிஸ்டு எதிர்ப்பு இயக்கத்தின் முகமாகி, 2013 மே மாதம் ஜீரம் பள்ளத்தாக்கில் மாவோயிஸ்டுகளால் கொல்லப்பட்டவர் இவரேதான்.

1998 முதல் நான்கு தேர்தல்களில் பாரதிய ஜனதாவின் பலிராம் காஷ்யப் வென்றார். 2009 அறிக்கையில் அவரும் 2014 அறிக்கையில் அவர் மகன் தினேஷ் காஷ்யப்பும் இருப்பதைப் பார்த்து, மகன் 2014இல்தான் முதன்முதலாக வந்தார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தந்தை இறந்ததால் 2011இல் நடந்த இடைத்தேர்தலிலேயே அவர் வென்றுவிட்டார். பொதுத்தேர்தல் அறிக்கைகளில் இடைத்தேர்தல்கள் இடம்பெறுவதில்லை. அவற்றைத் தனியாகத் தேடி எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2019இல் காங்கிரசின் தீபக் பைஜ் 38,982 வாக்கு வித்தியாசத்தில் வென்றதையும், 2024இல் பாரதிய ஜனதாவின் மகேஷ் காஷ்யப் காங்கிரசின் கவாசி லக்மாவை 55,245 வாக்குகளில் தோற்கடித்ததையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடலாம். ஆனால் இந்த வித்தியாசங்களைக் கோசாவின் 1,41,331 வாக்கு வித்தியாசத்தோடு ஒப்பிட முடியாது. பெயர் மாறவில்லையே தவிர, மறுவரையறைகளில் தொகுதியின் எல்லை மாறியிருக்கிறது. இன்றைய பஸ்தரில் அடங்கும் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளில் ஜகதல்பூர் மட்டுமே பொதுத்தொகுதி. அறிக்கையைத் திறக்கும்போது அந்தந்த ஆண்டின் தொகுதி வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.