க்ளாக் 17: மூன்று பூட்டுகளும் ஒரே சாவியும்

க்ளாக் 17 கைத்துப்பாக்கியைப் பயிற்சிக் களத்தில் ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். 1982-இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்டு, பின்னர் பல நாடுகளின் காவல் துறையினர் இடுப்பில் ஏறிவிட்ட இந்தத் துப்பாக்கி நம்பகமாகச் சுடுமா என்று யாரும் இப்போது கேட்பதில்லை. பாலிமர் உடல் என்பதால் கைக்குப் பாரமில்லை, தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசினில் 17 தோட்டாக்கள் கொள்ளும், திணறாமல் சுடும். என் கேள்வியெல்லாம், சுட வேண்டாத நேரத்தில் இது சுட்டுவிட்டால் பழி யாரைச் சேரும் என்பதுதான்.

இதில் கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் வெளிப்பூட்டு கிடையாது. சுட விரலால் இழுக்கும் விசையின் நடுவே ஒரு சிறு நாக்கு, சுடும் ஊசியை மறித்து நிற்கும் ஒரு தடுப்பு, கீழே விழுந்தால் ஊசி விடுபடாமல் பிடித்துக்கொள்ளும் இன்னொரு தடுப்பு என மூன்று உட்பூட்டுகள் இருக்கின்றன. விசையை இழுத்தால் மூன்றும் விலகும், விட்டதும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். கைதவறி விழுவதிலிருந்து காப்பதற்கு இது மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் மூன்று பூட்டுகளுக்கும் சாவி அந்த விசை ஒன்றுதான், அதை இழுக்க ஏறத்தாழ 2.5 கிலோ அழுத்தம் போதும், அழுத்துவது விரலா வேறு பொருளா என்று அதற்குத் தெரியாது.

தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, சட்டையின் அடிநுனி இடுப்பு உறைக்குள் மாட்டியிருக்கும்படி விட்டு, துப்பாக்கியை மெல்லச் செருகிப் பார்த்தேன். மடிந்த துணி நாக்கையும் விசையையும் சேர்த்தே தள்ளியது. ‘டிக்’ என்று ஊசி விடுபட்டது. அந்தக் கணத்தில் குழலின் முனை என் தொடையை ஒட்டி இருந்தது. குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் பின்தகட்டை மாற்றி, விசை நகர்ந்தால் கட்டைவிரலுக்குத் தெரியும்படி கீல் வைத்த தகடு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அது தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்க வேண்டிய பாகம் என்பது என் எண்ணம்.

இதைவிடக் கவலை தருவது சுத்தம் செய்யப் பிரிக்கும் முறை. க்ளாக்கைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் விசையை இழுத்தே ஆக வேண்டும். மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று மனம் நம்பிவிடும். ஆனால் குழலின் பின்முனையில் உள்ள அறையில், சுடத் தயாராக ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும். வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்து அறைத் தோட்டாவை வெளியேற்றிவிட்டுப் பிறகு மேகசினைக் கழற்றுபவருக்கும் இதே கதிதான், ஏனெனில் ஸ்லைடு திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிட்டிருக்கும். புதிய மாடல்களில் அறையில் தோட்டா இருந்தால் தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான வெளித்தள்ளியின் விளிம்பு சற்றே புடைத்து நிற்கும். ஆனால் அது மயிரிழை அளவுதான், பழகிய விரலுக்கே தட்டுப்படும். நான் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சுண்டுவிரலை அறைக்குள் விட்டு, வெறும் வட்ட விளிம்பைத் தொட்டு உணர்ந்த பிறகே விசைக்குக் கையைக் கொண்டுபோகிறேன்.

‘துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது தவறுதலாக வெடித்தது’ என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் அந்த வினைச்சொல் என்னை உறுத்துகிறது. அது தானாக வெடிக்கவில்லை, ஒருவர் விசையை இழுத்திருக்கிறார். குழலை ஆள் இல்லாத திசையில் பிடித்திருந்தால் சுவரில் ஓட்டை விழுந்ததோடு போயிருக்கும். ஆகவே முதல் பொறுப்பு அவருடையதே. அதே சமயம், விசையை இழுக்கச் சொன்னது கையேடு. பல்லாயிரம் பேர் பல்லாண்டுகள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு வேலையில் யாரோ ஒருவர் ஒருநாள் மறப்பார் என்பது வடிவமைப்பாளருக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது.

மாற்று வழிகளுக்கும் விலை உண்டு. நியூயார்க் காவல் துறை விசையை ஏறத்தாழ 5.4 கிலோவுக்குக் கடினமாக்கியது. 2012-இல் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தருகே போலீசார் சுட்டதில் வழிப்போக்கர்கள் 9 பேர் காயமுற்றபோது, கனமான விசை குறியைச் சிதறடிக்கிறது என்ற விமர்சனம் எழுந்தது. மேகசின் இல்லாவிட்டால் சுடாத தடுப்பு 1935-ஆம் ஆண்டின் பிரௌனிங் ஹை பவர் கைத்துப்பாக்கியிலேயே இருந்தது. மேகசின் மாற்றும் நொடியில் துப்பாக்கி பயனற்றுப் போகும் என்று சொல்லிப் பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் பயன்படுத்துபவர் தலையில் கட்டிவிட முடியாது என்பதற்கு சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி சான்று. குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் அது சுடக்கூடும் என்று சோதனைகளில் தெரிந்த பிறகு, 2017-இல் நிறுவனமே பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. அமெரிக்காவிலோ நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்துக்குள் துப்பாக்கி வராது. ரொட்டி சுடும் கருவியைத் திரும்பப் பெறச் சொல்லக்கூடிய ஆணையம், கைத்துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்க முடியாது என்ற நிலை எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

ஒழுங்கான பயிற்சியும், விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறையும் உள்ளவருக்கு க்ளாக் 17 நல்ல கருவி. முதல்முறை வாங்குபவர், விசையைத் தொடாமலே பிரிக்க உள்ளே நெம்பு வைத்திருக்கும் ஸ்மித் அண்டு வெஸன் நிறுவனத்தின் எம் அண்டு பி வரிசைக் கைத்துப்பாக்கிகளை முதலில் பார்க்கட்டும். அது வெளிப்பூட்டோடும் கிடைக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கிக்கு ஒன்றும் தோட்டாவுக்கு ஒன்றுமாகப் பூட்டிய இரு பெட்டிகள் இல்லையென்றால், இந்த இரண்டில் எதையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.