அறுகம்குடா விடுதிக்கு ஊறுகுழியா, மூடிய தொட்டியா?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவில் விடுதி கட்டுபவருக்கு, கழிவறைக் கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் ஊறுகுழி மலிவு. நாலு கொங்கிரீட் வளையம் இறக்கினால் வேலை முடிந்தது. ஆனால் இது கடற்கரை மணல். தண்ணீர் சட்டென்று வடியும், கிருமி முழுசாக வடிகட்டப்படாது, கழிவிலுள்ள நைத்திரேற்று உப்பு அப்படியே போகும். நிலத்தடி நீரோ மேலாகவே கிடக்கிறது, மாரியில் இன்னும் ஏறும். அப்புறம் பக்கத்து வளவுக் கிணறும் குடாவும்தான் கழிவின் போக்கிடம். குளிக்கிற கடலிலேயே கலந்தால் சுற்றுலாக்காரர் எதற்கு வருவார்?

அடியும் பக்கமும் ஒழுகாத மூடிய தொட்டிக்குக் காசு கூட. இரண்டு அறை வைத்து, வெளிவரும் நீரைச் சரளையில் நட்ட கல்வாழைப் பாத்திக்கு விடலாம். பாத்தியின் அடியும் ஒழுகக்கூடாது (மேசன்மார் இதைத்தான் மறப்பார்கள்). அலைச்சறுக்கு சீசனுக்கு முன்பே பவுசர் (கழிவை உறிஞ்சும் தாங்கி வண்டி) பிடித்து, தொட்டியின் அடியில் தங்கிய மண்டியை அள்ளவேண்டும். என் தெரிவு தொட்டிதான். வளவு சிறிதென்றால் பாத்தியை விட்டுவிட்டு, பவுசரை அடிக்கடி கூப்பிடலாம்.