பிஎல்டிசி ஃபேன்: கரண்ட் மிச்சம் சரி, ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது?

போன கோடையில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் சீலிங் ஃபேன், மாட்டினோம், வாங்கியது கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வகையில் எதை வாங்கினாலும் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

கரண்ட் விஷயத்தில் குறையே இல்லை. சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும், இது 28 முதல் 35 வாட்தான். கடல்காற்று வராத நாளில் கடலூரில் ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரியும், ஃபேனை நிறுத்திவிட்டுப் படுக்கவே முடியாது. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் ஒரு ஃபேனுக்கே சுமார் 40 யூனிட் குறையும். முதல் 100 யூனிட் இலவசம், ஸ்லாப் ஏற ஏற ரேட்டும் ஏறும் என்பதால், ஏசி போட்டு மேல் ஸ்லாபில் இருக்கிற வீட்டுக்குத்தான் இதன் அருமை பில்லில் தெரியும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்வெர்ட்டர் கணக்கு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து, கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டம் இது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னாலே நாங்கள் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆட்கள். அதே பேட்டரியில் இந்த ஃபேன் பழையதைவிட இரண்டு மடங்கு நேரம் தாராளமாக ஓடுகிறது. இன்வெர்ட்டரில் பழைய ஃபேன் போடும் ‘ங்ங்’ சத்தமும் இல்லை.

ரிமோட் பற்றி ஒரு வரி போதும்: அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, தலையணைக்கு அடியில் தேடுவதே வேலையாகிவிட்டது.

இப்போது ரிப்பேர். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெரு எலக்ட்ரீஷியன் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் கப்பை இறக்கி, கண்டன்சரை மாற்றிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். காயில் எரிந்தாலும் காயில் கட்டும் கடையில் கொடுத்தால் செம்புக் கம்பி சுற்றி இரண்டொரு நாளில் தந்துவிடுவார்கள், எங்கள் வீட்டு மாடி ஃபேன் அப்படித்தான் இன்னும் ஓடுகிறது. புது ஃபேனில் காந்தம் ரோட்டரில், அதாவது சுற்றும் பாகத்தில், இருக்கிறது, எந்த நேரம் எந்தக் காயிலுக்குக் கரண்ட் போக வேண்டும் என்பதை ஒரு சின்ன போர்டு முடிவு செய்கிறது. கரண்ட் மிச்சமாவதும் அந்த போர்டால்தான், தலைவலியும் அதனால்தான். ஐப்பசி மழையில் இடி இறங்கிய ஒரு ராத்திரிக்குப் பிறகு ஹால் ஃபேன் இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, அப்புறம் நின்றுவிடும். எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தார், போர்டு மேலே பிசின் ஊற்றி உறைய வைத்திருக்கிறார்கள். உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் அது பாதுகாப்புதான், ஆனால் அவரால் உள்ளே கைவைக்க முடியாது. “இது நம்ம வேலை இல்ல சார்” என்று ஸ்க்ரூவை என் கையில் கொடுத்துவிட்டார். சர்வீஸ் சென்டரில் போர்டு சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வாரண்டியில் இருந்ததால் காசு கேட்கவில்லை, ஆனால் வந்து சேரும் வரை டேபிள் ஃபேன்தான்.

அதற்காகப் பழையதுக்கே போங்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. 1956-ல் என்எல்சி கம்பெனி தொடங்கியதிலிருந்து, கரண்ட் தயாரிக்க எரிக்கும் பழுப்பு நிலக்கரிக்காக மலை மலையாக மண்ணை அள்ளிக் கொட்டுகிறார்கள், அடியிலிருந்து நீர் பீறிடாமல் இருக்க நிலத்தடி நீரைப் பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2023-ல் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் சுரங்கத்தின் கால்வாய்க்காகப் பொக்லைன் இறங்கியதை டிவியில் பார்த்தோம். நம் சுவிட்சுக்கு வரும் கரண்ட் எல்லாம் அங்கிருந்தே வருகிறது என்று சொல்ல முடியாது, நாலா பக்கத்திலிருந்தும் கலந்துதான் வருகிறது. ஆனாலும் ஒரு ஃபேனுக்குப் பாதி கரண்ட் போதும் என்றால் அதை வேண்டாம் என்பது வீம்பு. சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரையை 2023 ஜனவரியில் கட்டாயமாக்கியது சரி. அதே கையோடு போர்டைக் கடையில் தனியாக விற்க வேண்டும், தெரு எலக்ட்ரீஷியனுக்கும் சொல்லித்தர வேண்டும் என்றும் கட்டாயமாக்கியிருக்கலாம்.

வாங்குகிறவர்கள் போர்டுக்கு எத்தனை வருஷ வாரண்டி, மோட்டாருக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். வாரண்டி முடிந்தபின் போர்டு என்ன விலை என்றும் கேளுங்கள், கடைக்காரர் முழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ராத்திரி பகல் ஓடும் அறைக்கு மட்டும் இது போதும். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் மாடி ரூமுக்கு நான் வாங்கப்போவதில்லை. அஞ்சுக்கு மூணரை மார்க்.