கோட்டையூர் பக்கத்துக் கால்பந்து வகுப்பு: சின்ன உருவப் பையன்களுக்கு நல்ல இடம்

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிற வழியில் ஒரு செம்மண் மைதானத்தில் சாயங்காலக் கால்பந்து வகுப்பு நடக்கிறது. மாதம் 800 ரூபாய். திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு வகுப்பு, ஞாயிறு காலை ஆட்டம். என் மகள் வயிற்றுப் பேரன் அங்கே போகிறான். ஆறாம் வகுப்புப் படிக்கிறான், ஒல்லியான சின்ன உருவம். இதற்கு முன்னால் போன இடத்தில் வளர்ந்த பையன்களை முன்னால் நிறுத்திப் பந்தைத் தூக்கித் தூக்கி அடிக்கச் சொல்வார்கள். இவன் காலுக்குப் பந்தே வராது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஐயா, இனிமே நான் போகல" என்றான். அதனால்தான் இங்கே மாற்றினோம்.

இங்கே சொல்லிக்கொடுக்கும் தம்பி மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நானும் பெர்லிஸ் மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் பல வருஷம் கணக்கு எழுதியவன். பெர்லிஸ் தாய்லாந்து எல்லையை ஒட்டிய குட்டி மாநிலம். சேர்க்கப் போன அன்றைக்குப் பேச்சுவாக்கில் இருவர் வாயிலும் ஒரே பெயர் வந்தது: தாய்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் கியாதிசக் சேனாமுவாங். தாய்லாந்தில் அவருக்கு 'ஜிக்கோ' என்றுதான் பெயர். பெர்லிஸ் அணிக்கும் ஆடியவர் என்பதால் எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருகிற மலாய்க்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பையன் போலப் பேசுவார்கள். கோல் போட்டால் அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிப்பார். 1996-இல் தென்கிழக்காசியக் கோப்பை முதன்முதலாக நடந்தபோது, சிங்கப்பூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அதே மலேசியாவைத் தோற்கடித்த ஒரே கோலும் அவர் அடித்ததுதான். அப்படியும் அவரை யாரும் வெறுக்கவில்லை.

தம்பி தன் வகுப்பை அந்த மனிதரைப் பார்த்து அமைத்திருக்கிறார். சரி, முன்னால் நின்று கோல் அடிக்கிற ஒரு ஆட்டக்காரரைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும் என்று கேட்கலாம். எனக்குப் பிடித்ததே அங்கேதான். கியாதிசக் தாய்லாந்துக்காக 70-ஐ ஒட்டிய கோல் அடித்தவர். 1996, 2000, 2002 என்று மூன்று முறை அந்தக் கோப்பையை ஆட்டக்காரராக வென்றவர். ஆனால் தாய்லாந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனபோது, 'முன்னால் நிற்கிறவனுக்குப் பந்தைத் தூக்கி அடி' என்கிற ஆட்டத்தை அவர் கையில் எடுக்கவில்லை. பந்தைத் தரையோடு வைத்து, குட்டிக் குட்டிப் பாஸாகக் கொடுத்து முன்னேறுகிற அணியைக் கட்டினார். அதன் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தினவர் சனாதிப் சொங்கிராசின். உயரம் 158 சென்டிமீட்டர்தான். 2014, 2016 இரண்டு கோப்பைகளிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. இதைத் தம்பி சொன்னதிலிருந்து என் பேரன் சுவரில் கோடு போட்டு உயரம் அளப்பதை நிறுத்திவிட்டான்.

வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். நாலு செங்கலை வைத்துச் சதுரம் போடுகிறார்கள். மூலைக்கு ஒருவன், நடுவில் ஒருவன். மூலையில் நிற்பவன் இரண்டு தொடுதலுக்குள் பந்தை அடுத்தவனுக்குத் தள்ளியாக வேண்டும், நடுவில் இருப்பவன் பறிக்க வேண்டும். பந்து முழங்காலுக்கு மேலே எழும்பினால் அடித்தவன் நடுவுக்குப் போக வேண்டியதுதான். "தரையோட குடுடா, தலையைத் தூக்கிப் பாருடா" என்பதைத் தவிர தம்பி அதிகம் கத்துவதில்லை. அரை மணி நேரம் இதுவே நடக்கும். பார்க்கிற பெற்றோருக்குச் சலிக்கும், பையன்களுக்குச் சலிப்பதில்லை.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகைக்குள் எல்லாரையும் உட்கார வைத்து, 2014 கோப்பையின் இறுதிச் சுற்றில் நடந்த இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதை மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். பாங்காக்கில் தாய்லாந்து 2-0 என்று ஜெயித்துவிட்டு கோலாலம்பூருக்கு வந்திருக்கிறது. புக்கிட் ஜாலில் மைதானத்தில் மலேசியா மூன்று கோல் போட்டுவிட்டது. மொத்தக் கணக்கில் இப்போது மலேசியா முன்னால். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "நீங்களா இருந்தா இப்ப என்னடா செய்வீங்க?" என்று கேட்டார். எல்லாரும் ஒரே குரலில், "தூக்கி அடிப்போம் சார்!" என்றார்கள். மறுபடி ஓடவிட்டார். 82-ஆவது நிமிஷத்தில் சாரில் சப்புயிஸ், 87-இல் சனாதிப். 3-2 என்று தோற்றும் மொத்தத்தில் 4-3 என்று கோப்பை தாய்லாந்துக்கு. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அந்தக் கோப்பையைத் தூக்கிய முதல் ஆள் கியாதிசக். 2016 இறுதிச் சுற்றில் இந்தோனேசியாவிடம் முதல் ஆட்டம் தோற்றும் அதை மறுபடி வென்றார்.

ஜெயித்த கதையை மட்டும் தம்பி சொல்வதில்லை. 2017 மார்ச்சில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஜப்பானிடம் 4-0 என்று தோற்ற சில நாளில் கியாதிசக் பதவி விலகியதையும் சொன்னார். 1999-இல் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு டவுனுக்குப் போய், ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்க வாய்ப்பில்லாமல் திரும்பியதையும் சொன்னார். அதற்கப்புறம் வியட்நாமில் பிளேக்கு என்கிற மலையூரின் ஹோவாங் ஆன் கியா லாய் அணிக்குப் போய், 2003, 2004 இரண்டு வருஷமும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அங்கேயும் மண் நம்ம ஊர் மாதிரிச் சிவப்புதான். உட்கார வைக்கப்பட்ட ஒரு பையனுக்கு இந்தக் கதை எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்பதை என் வீட்டிலேயே பார்க்கிறேன். ஞாயிறு ஆட்டத்தில் இங்கே எல்லாருக்கும் சம நேரம். தோற்றுக்கொண்டிருந்தாலும் தம்பி அந்த விதியை மாற்றுவதில்லை. இந்த வகுப்புக்கு 800 ரூபாய் தகும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

குறைகளும் இருக்கின்றன. தரையில் சரளைக் கல் அதிகம், முழங்கால் தேயாமல் ஒரு பையனும் வீடு திரும்புவதில்லை. நீளமான காலுறை வாங்கிக் கொடுங்கள். குடிக்கத் தண்ணீர்க் குழாய் இல்லை, பாட்டில் கொடுத்தனுப்ப வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது, இருக்கிற ஒரு விளக்கு போதாது. சீருடைக்குத் தனிப் பணம் வாங்கினார்கள், அது கைக்கு வர ரொம்ப நாள் ஆனது. பெண் பிள்ளைகளுக்கு வகுப்பே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். என் பேத்தி மைதானத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தம்பியிடம் கேட்டேன், "பத்துப் பேர் சேர்ந்தா ஆரம்பிச்சிடலாம் ஐயா" என்றார். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் விருப்பமுள்ள பெண் பிள்ளைகள் இருந்தால் ஞாயிறு காலையில் நேரில் வந்து அவரிடம் பெயர் கொடுங்கள். மழை நாளில் மட்டும் வகுப்பு உண்டா என்று நாலு மணிக்குள் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.