சிங்கத்தோல் ஹெராக்ளிஸ் வெள்ளிக்காசு: புதுச்சேரியில் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

"அரிக்கமேட்டு ஆத்தங்கரையில கிடைச்சது தம்பி, அலெக்சாண்டர் காசு." இப்படிச் சொல்லித்தான் புதுச்சேரியில் ஒரு பழம்பொருள் வியாபாரி கடலூர் மாணவர் ஒருவருக்கு ரூ. 24,000க்கு ஒரு காசை விற்றிருக்கிறார். கூடவே ஹாலோகிராம் ஒட்டிய ஒரு "சான்றிதழ்". அதில் உரிமம் எண் இல்லை, சோதித்தவர் பெயர் இல்லை, எடைகூட இல்லை. காசு எங்கள் சேகரிப்பாளர் வட்டத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளி முலாம் பூசிய பித்தளை வார்ப்பு. திருப்பிக் கொடுக்கப் போனபோது "பழைய சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று பதில் வந்திருக்கிறது. அதே வகைக் காசு இன்னும் விலைக்கு இருப்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அசல் எப்படி இருக்கும் என்பது. முன்பக்கம் வலப்புறம் பார்த்த ஹெராக்ளிஸ் என்ற கிரேக்கப் புராண வீரனின் தலை; நெமியாவில் கொன்ற சிங்கத்தின் தோலைத் தலையில் போர்த்தி, அதன் முன்னங்கால்களைக் கழுத்தடியில் முடிச்சிட்டிருப்பான். அது அலெக்சாண்டரின் முகம் என்று வியாபாரிகள் பலர் சொல்வார்கள். அலெக்சாண்டரின் மாசிடோனிய அரச குலம் தன்னை ஹெராக்ளிஸ் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்டது. அதனால் காசில் இருப்பது அந்த வீரன், அலெக்சாண்டர் அல்ல. பின்பக்கம் அரியணையில் அமர்ந்த சீயுஸ் என்ற கிரேக்கத் தலைமைக் கடவுள், ஒரு கையில் கழுகு, மறு கையில் செங்கோல். அவருக்குப் பின்னால் மேலிருந்து கீழாக "அலெக்சாண்டருடையது" என்று பொருள்படும் 10 கிரேக்க எழுத்துகள். டெட்ராட்ராக்ம் என்ற பெரிய காசு சுமார் 17.2 கிராம், ட்ராக்ம் என்ற சிறியது சுமார் 4.3 கிராம். அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்த பிறகும் பல நகரங்கள் இதே வகையை நெடுங்காலம் அடித்தன. அதனால் அசல் காசுகள் இன்றும் ஏராளமாக உள்ளன, போலிகள் அதைவிட ஏராளம்.

அரிக்கமேட்டுக் கதைக்கு வருவோம். 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே அகழ்ந்தபோது வெளிவந்த அரெட்டைன் என்ற இத்தாலியச் சிவப்பு மட்கலங்களும் ஆம்போரா சாடிகளும் ரோமானிய வணிகத்தைக் காட்டுபவை. தமிழகத்துப் புதையல்களில் பெரும்பாலும் கிடைப்பது அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமப் பேரரசர்களின் தெனாரியஸ் வெள்ளிக்காசுகள். அவை 4 கிராமுக்கும் குறைவானவை. மூன்று நூற்றாண்டு முந்திய மாசிடோனியக் காசை ரோமானிய வணிகத்துக்குப் பேர்போன அரிக்கமேட்டோடு ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறவருக்கு இரண்டுமே தெரியாது. சரி, அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் நிலைமை மோசம்தான். அரிக்கமேடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். மண்ணில் கிடைத்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் சட்டம். ஆக, கதை பொய்யென்றால் பணம் போகும், மெய்யென்றால் வழக்கு வரும்.

கடையில் அவர் காட்டிய மூன்று "சோதனைகள்" எதையும் நிரூபிக்காதவை. காந்தம் ஒட்டவில்லை என்றார். பித்தளை, ஈயம், செம்பு எதிலும் காந்தம் ஒட்டாது. சுண்டிவிட்டு ஓசை கேட்கச் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளே நொறுங்கும் தன்மை அடைந்து பல நேரம் மந்தமாகத்தான் ஒலிக்கும், புதுப் பித்தளை கணீரென்று கேட்கும். மூன்றாவது, தெரிந்த நகைப் பட்டறையில் டச் பார்க்கும் மெஷினில் வைத்து "92 டச்" என்று காட்டியது. அந்த மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் தடிமனாக இருந்தால் உள்ளே என்ன உலோகம் என்று அதற்குத் தெரியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை ஒப்படர்த்திதான், அதாவது அதே பருமனுள்ள நீரைவிடக் காசு எத்தனை மடங்கு கனம் என்று பார்ப்பது. 0.01 கிராம் காட்டும் சிறு மின்னணுத் தராசு போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் காசை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல், கையை எங்காவது ஊன்றி அசையாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த நீரின் எடை. உலர் எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி.

தூய வெள்ளிக்கு 10.49. 17.2 கிராம் அசல் காசு என்றால் நீரில் 1.64 அருகே காட்ட வேண்டும். அந்த மாணவரின் காசு 15.12 கிராம், நீரில் 1.76, வகுத்தால் 8.59. அது பித்தளையின் எண். தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில். காசில் ஒட்டிய காற்றுக் குமிழி நீரெடையைக் கூட்டி, நல்ல காசையும் போலி போலக் காட்டிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் குமிழி நிற்காது. காசு அடியைத் தொட்டால் அதன் எடையே தராசில் இறங்கிவிடும். 4.3 கிராம் ட்ராக்முக்கு இந்தச் சோதனை அவ்வளவு கூர்மையாக இருக்காது. 0.41க்குப் பதில் 0.42 காட்டினாலே விடை 10.49இலிருந்து 10.24க்கு வந்துவிடும். ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஆனால் இந்தச் சோதனை போலியைக் கழிக்க மட்டுமே உதவும். இன்றைய 92.5 வெள்ளியில் செய்த போலியும் 10.3க்கு மேல் காட்டும். பழங்காலத்திலேயே செம்பின்மேல் வெள்ளி போர்த்திச் செய்த கள்ளக்காசுகளும் உண்டு. அவை எண்ணில் தோற்றாலும் பழமையானவைதான். எனவே 10 மடங்கு பெருக்கும் லென்ஸும் கையில் வேண்டும்.

லென்ஸில் முதலில் விளிம்பைப் பாருங்கள், முகத்தை அல்ல. வார்ப்பில் இரண்டு அச்சுப் பாதிகள் சேரும் கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். அதை அரத்தால் ராவியிருந்தால் இணைகோடாகக் கீறல்கள் தெரியும். மாணவரின் காசில் ராவிய இடத்தில் மஞ்சள் எட்டிப்பார்த்தது. அடுத்து சிங்கப் பிடரி. சம்மட்டியால் அடித்த அசல் காசில் ஒவ்வொரு மயிர்க்கற்றையும் தளத்திலிருந்து வெடுக்கென்று எழும்; தேய்ந்த காசிலும் பள்ளங்களுக்குள் அந்தக் கூர்மை மிஞ்சியிருக்கும். வார்ப்பில் மேடும் பள்ளமும் கரைந்த சோப்பு போல ஒன்றோடொன்று வழியும், தளத்தில் ஊசிமுனைக் குழிகளும் குட்டி மணிகளும் இருக்கும்.

எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி இரட்டைக்காசு, அதாவது எல்லா விதத்திலும் ஒத்துப்போகும் இன்னொரு காசு. கையால் அடித்ததால், ஒரே அச்சில் பிறந்த இரண்டு அசல் காசுகளுக்கும் உருவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் தகட்டின் வடிவம், விளிம்பு வெடிப்பு, உருவம் நடுவிலிருந்து விலகிய அளவு மூன்றும் ஒன்றாக அமையாது. வியாபாரி மாணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய "மற்ற பீஸ்கள்" படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்று காசிலும் கடிகாரத்தில் நான்கு மணி இருக்கும் இடத்தில் அதே வெடிப்பு. மூன்றும் ஒரே மாதிரியிலிருந்து எடுத்த வார்ப்புகள். வாங்கும்முன் இருப்பிலுள்ள எல்லாக் காசுகளின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கறுப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அவித்த முட்டையோடு மூடி வைத்தாலே அதன் கந்தகத்தால் வெள்ளி கறுத்துவிடும். வண்ணமோ பாலிஷோ பூசியிருந்தால் தூய அசிட்டோன் நனைத்த பஞ்சில் அது இறங்கும். கந்தகக் கறுப்பு இறங்காது, ஆகவே இறங்கவில்லை என்பது சான்றாகாது. வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு துலக்குவதுபோல விபூதி, புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நல்ல காசாக இருந்தால் அதன் பாதி மதிப்பு அங்கேயே போய்விடும்.

அனுமன், ராமர் தர்பார் உருவத்துடன் "கிழக்கிந்தியக் கம்பெனி 1616", "1818" என்று வரும் செம்பு, பித்தளைக் காசுகளைப் பற்றி ஒரு வரி போதும்: கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தி அதற்கு உண்டு என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அனுமன் உள்ள பழங்காசு உண்மையிலேயே வேண்டுமென்றால் இடைக்கால வடஇந்தியாவை ஆண்ட சந்தேலரின் செம்புக்காசுகள் இருக்கின்றன. ஹெராக்ளிஸ் வேண்டுமென்றால், டெட்ராட்ராக்முக்குப் போகும்முன், நின்ற கோலத்தில் கதாயுதத்துடன் அவன் இருக்கும், குஷாண அரசன் குஜூல கட்பிசஸின் செம்புக்காசில் தொடங்கலாம்.

100 ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "ஒயிட் டவுன்ல வர்ற ஃபாரினர் டபுள் விலை தருவாங்க" என்ற பேச்சும் இங்கேயே அடிபட்டுப் போகிறது. உரிமம் எண், எடை, விட்டம், "அசல் அல்ல என்று தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்ற வரி, இவை நான்கும் பில்லில் எழுதித் தந்தால் பணம் கொடுங்கள். எழுத மறுத்தால் காசை லென்ஸில் பார்க்கவே வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் காசை உரசாமல், வெட்டிப் பார்க்காமல் அப்படியே வைத்திருங்கள். யூபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்தச் சான்றிதழ் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் உடனே 1930. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வாங்கியது புதுச்சேரியில் என்றாலும் கடலூர்க்காரர் கடலூரிலேயே மனுப் போடலாம். அந்த மாணவரின் மனுவுக்கு ஒப்படர்த்திக் கணக்கையும் மூன்று காசுகளின் வெடிப்புப் படங்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதே நான்கு மணி வெடிப்புள்ள காசு உங்களிடமும் இருந்தால், இரு பக்கமும் விளிம்பும் தெரிய, அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.