யானைக்கால் புண்ணுக்குக் கிரேப் கட்டா, ஷார்ட் ஸ்ட்ரெட்ச் கட்டா?

முற்றிய யானைக்காலில் புண் ஆறாமல் இழுத்தால் உடனே களிம்பை மாற்றுகிறோம். வீக்கம் வடியாதவரை எந்தக் களிம்பும் உதவாது. நிணநீர் கசிந்துகொண்டே இருக்கும். ஊறிய தோல் வெளுத்துப் பிய்யும், புண் அகலும். ஆகவே முதலில் முடிவுசெய்ய வேண்டியது கட்டுத்துணியை.

இழுத்தால் நன்றாக நீளும் கிரேப் பேண்டேஜ் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் சில மணி நேரத்தில் தளர்ந்து கணுக்காலில் சுருண்டுவிடும். சுருண்ட மடிப்பு கயிறு போல இறுக்கி இன்னொரு புண்ணை உண்டாக்கும்.

ஷார்ட் ஸ்ட்ரெட்ச் பேண்டேஜ் இழுத்தாலும் அவ்வளவாக நீளாது. அதுவே அதன் பலம். நடக்கும்போது கெண்டைத்தசை புடைத்து இந்த விறைப்பான துணியில் முட்ட, நீர் மேலே ஏறுகிறது. படுத்திருக்கும்போது அழுத்தம் குறைவதால் இரவிலும் தாங்கலாம். சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் பரப்பி உலர்த்தினால் பலமுறை உதவும். விலை அதிகம்தான். நடமாட்டமே இல்லாதவருக்குப் பலன் குறையும். மற்ற எல்லோருக்கும் நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

கட்டும் முன் சாதாரணத் தண்ணீரிலும் சோப்பிலும் காலைக் கழுவி, விரலிடுக்கு, தோல்மடிப்பு வரை ஒற்றி உலர்த்துங்கள். இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்பு. புண்ணைச் சுற்றிய தோலுக்கு வாசலின். மடிப்புகளில் பஞ்சோ ஃபோமோ வைத்துக் காலைக் கூம்பு வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் எந்தக் கட்டும் நழுவும். பாதத்தைச் செங்குத்தாக மடக்கி, விரலடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி முழங்காலுக்குக் கீழ்வரை சுற்ற வேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும்.

புண்ணின் மேல் வெறும் காஸ் (வலைத்துணி) ஒட்டிக்கொள்ளும். பிய்க்கும்போது புதுத்தோலும் சேர்ந்து வரும். கசிவு அதிகமானால் உறிஞ்சும் பேட் நல்லது. கட்டுப்படியாகாதவர்கள் பாராஃபின் தடவிய காஸ் வைத்து, மேலே தடித்த பஞ்சுப் பேடை நனைந்தபோதெல்லாம் மாற்றலாம். ஒட்டும் பிளாஸ்டர் வேண்டாம், தோல் உரியும். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம்.

காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று மருத்துவர் பார்க்கும் கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் (கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தது) 0.5-க்குக் கீழ் இருந்தால் இறுக்கிக் கட்டவே கூடாது; 0.8 வரை மருத்துவர் சொல்லும் குறைந்த அழுத்தம் மட்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் கேட்டே தொடங்க வேண்டும். குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து கொதித்தால் கட்டை எடுத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒழுங்காகக் கட்டியும் பல வாரம் ஆறாமல், ஓரம் தடித்துக் காலிஃபிளவர் போல வளரும் புண்ணுக்குக் கட்டை மாற்றிப் பார்க்காதீர்கள். புற்றுநோயா என்று பயாப்சி (சதைத்துணுக்குப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள்.