தடைக்காலப் போட்டியா, ஒன்பது மாதத் தொடரா?

ஒவ்வொரு தை மாதமும் எங்கள் பாய்மரப் படகுக் குழு இரண்டாகப் பிரிந்துகொள்ளும். புதுச்சேரியில் போட்டிக் காலத்தை எப்போது வைப்பது என்பதுதான் வழக்கு. தையில் தொடங்கிப் புரட்டாசி வரை, மாதம் மூன்று சனிக்கிழமை என்று இழுத்துக்கொண்டு போகலாம் என்பது ஒரு கட்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளுக்குள் எல்லாப் போட்டியையும் ஓட்டி முடித்துவிடலாம் என்பது இன்னொரு கட்சி. நான் புள்ளிக் கணக்கு எழுதுகிறவன். இரண்டாவது கட்சிக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள நாட்களைப் பற்றி மட்டும் இரு தரப்புக்கும் பேச்சு இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல். அந்த மாதங்களில் படகைக் கவிழ்த்து மரத்தோடு கட்டிப்போடுவதுதான் வேலை.

நெடுந்தொடர்க்காரர்களின் பலமான வாதம் தையும் மாசியும். வெயில் உறைக்காது. கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மிதமான காற்று. முதன்முதலாகச் சுக்கானைப் பிடிக்கும் சிறுவர்களை ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகில் உட்கார வைக்க இதைவிட நல்ல காலம் இல்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பங்குனி நெருங்கும்போது பொதுத் தேர்வு வந்துவிடும். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்த தொடரில் கரைக்கு ஐந்து பேர் வருவார்கள்.

ஆனியிலிருந்து இன்னும் மோசம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. நம் கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. காலையில் பார்த்தால் தண்ணீர் தட்டுப்போல் கிடக்கும், ஆசை காட்டும். கரையை ஒட்டிக் காற்று விட்டுவிட்டு அடிக்கும், திசை மாறும். கொஞ்சம் வெளியே போனால் முழு வேகத்தில் பிடிக்கும். படகில் ஏதாவது உடைந்தால் ஒதுங்குமிடம் கரை அல்ல, நடுக்கடல். ஓர் ஆவணியில் எனக்குச் சுக்கான் கழன்று போனது. பாயை இறக்கிவிட்டுப் படகில் குப்புறப் படுத்துக்கொண்டேன். மீட்புப் படகு வந்து கயிறு போடுவதற்குள் கரையின் தென்னைகள் பல் குச்சி உயரத்துக்குச் சுருங்கிவிட்டன. அதே மேல்காற்று கடல் காற்றையும் தடுத்து நிறுத்திவிடுவதால், பிற்பகல் இரண்டு மூன்று மணி வரை கரையில் காத்திருந்து, ஒரு போட்டி முடிவதற்குள் மேற்கே இடி கேட்டு வீட்டுக்குப் போன நாட்களும் உண்டு.

சித்திரையிலும் வைகாசியிலும் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. நிலம் வேகமாகச் சூடேறுகிறது, கடல் அப்படி ஏறுவதில்லை. நண்பகலையொட்டிக் காற்று உள்ளே வந்தே தீரும். பதினொன்றரை மணிக்குக் கொடி துணிக்கடை பொம்மைமேல் போட்ட துண்டைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். பாய்கள் படபடப்பது கூட நின்றுவிடும். மீட்புப் படகு ஓட்டும் பெரியவர் தென்கிழக்கே கையைக் காட்டி, “கோடு வந்துவிட்டது தம்பி” என்பார். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்: அடிவானத்துக்குக் கீழே கடலின் நிறம் ஒரு நூலளவு கறுத்திருக்கும். அது தடித்துக்கொண்டே வரும். கால் மணி நேரத்தில் கழுத்து வியர்வை குளிரும், ஐந்து நிமிட எச்சரிக்கைக் கொடியை ஏற்றலாம். அதன் பிறகு நான்கு மணி வரை திசை அவ்வளவாக மாறாது. போட்டிப் பாதையைக் குறிக்கும் மிதவையைத் தூக்கித் தூக்கி நடாமல் இரண்டு மூன்று போட்டி ஓட்டலாம்.

அந்தப் பெரியவர் கிடைப்பதற்கும் தடைக்காலமே காரணம். மற்ற மாதங்களில் அவர் விசைப்படகில் இருப்பார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் அதே முகத்துவாரத்தின் வழியாகத்தான் நாங்களும் போகிறோம். அறுபது கிலோ எடையுள்ள எங்கள் படகுக்கு எதிரே விசைப்படகு வந்தால் யார் வழிவிட வேண்டும் என்று விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. தடைக்காலத்தில் அவை கட்டிக் கிடக்கின்றன. ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். அவற்றோடு எங்களுக்குத் தகராறு வந்ததில்லை.

இனி என் துறை. இந்த விளையாட்டில் முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். வராதவருக்குப் பெயர் கொடுத்த படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, பன்னிரண்டு படகென்றால் பதின்மூன்று. தேர்வுக்காக மூன்று சனிக்கிழமை வராத பெண்ணுக்கு 39 புள்ளி ஏறுகிறது. அதே மூன்று நாளும் வந்து சலிக்காமல் ஐந்தாவதாக முடித்தவனுக்கு 15. மோசமான முடிவுகள் சிலவற்றைக் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் நெடுந்தொடரில் பாதியைக் கழிக்கும் அளவுக்குத் தள்ளுபடி கேட்கிறார்கள். அப்புறம் அது தொடரே இல்லை.

ஆள் குறைந்தால் இன்னொரு வினையும் வரும்: பலவகைப் படகுகளை ஒன்றாக ஓட்டிவிட்டு, ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி, அந்த வகைக்குரிய எண்ணால் வகுத்துச் சமன் செய்ய வேண்டும். லேசர் என்ற ஒற்றை ஆள் படகுக்கு 1100, ஆப்டிமிஸ்டுக்கு 1630 என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசர் 40 நிமிடத்தில் முடித்தால் கணக்கு 36 நிமிடம் 22 விநாடி. ஆப்டிமிஸ்ட் 58 நிமிடம் எடுத்தால் 35 நிமிடம் 35 விநாடி. பதினெட்டு நிமிடம் முன்னால் வந்து, படகைக் கழுவி, தேநீரும் குடித்து முடித்தவரிடம் போய் “நீங்கள் இரண்டாவது” என்று சொல்லும் வேலை எனக்கு. வேகம் மாறுபட்ட படகுகளுக்கு அது நியாயமான கணக்குதான். ஆனால் காற்று நடுவில் கூடினாலோ குறைந்தாலோ அந்த நியாயமும் போய்விடும்.

தடைக்காலத்திலோ பள்ளி விடுமுறை; எல்லோரும் வருவதால் சிறுவர்களுக்கு ஒரு புறப்பாடு, லேசருக்கு ஒரு புறப்பாடு என்று பிரித்துவிடலாம். லேசரின் பெயர் இப்போது ஐஎல்சிஏ. 1971-இல் சந்தைக்கு வந்த அதே 4.23 மீட்டர் உடல், மூன்று அளவுப் பாய்கள். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓட்டியது நடு அளவுப் பாய். எடை குறைந்தவர்கள் எங்களிடமும் அதைத்தான் கேட்கிறார்கள்.

கத்திரி வெயிலுக்கு என்னிடம் பதில் இல்லை. எட்டு, மிஞ்சினால் ஒன்பது சனிக்கிழமைகளே கிடைக்கின்றன; வங்கக் கடலில் மே மாதப் புயல் ஒன்று உருவானால் இரண்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன், வீட்டில் இருப்பவர்கள் ஒப்பவில்லை. தையிலும் மாசியிலும் புள்ளி இல்லாத பயிற்சி ஓட்டம் வைத்துக்கொள்ள நான் சம்மதித்திருக்கிறேன்.

கடைசிப் போட்டி ஜூன் முதல் வாரத்தைத் தாண்டக்கூடாது என்பது என் ஒரே நிபந்தனை. அதற்கு மேல் துறைமுகத்தில் புது வண்ணப்பூச்சு வாசனையும், ஐஸ் ஏற்றும் சத்தமும், எஞ்சின் ஓட்டிப் பார்க்கும் புகையும். மீட்புப் படகுப் பெரியவர் அப்போது கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.